அருகிய இனம்

உயிரினக் காப்பகத்தில் அவளுக்குத் தவளையம்மா என்று பெயர். அவள் பார்த்துக்கொண்ட பெண் தவளை ஒரு வாரமாக இரையைத் தொடவில்லை. அந்த இனத்தில் அங்கே மிஞ்சியிருந்த பெண் அது ஒன்றுதான். அது போனால் முட்டை இல்லை; முட்டை இல்லையென்றால் வம்சமே இல்லை. தவளையம்மாவுக்கும் சோறு இறங்கவில்லை.

அன்று காலை அவள் கதவைத் திறந்தபோது, தவளைத் தொட்டியை ஒட்டி இன்னொரு கண்ணாடிப் பெட்டி இருந்தது. எதிர் அறையில் இருக்கவேண்டிய காட்டுச் சில்வண்டுகள். உள்ளே ஒரே கச்சேரி.

"யாரு இத இங்க வச்சது?"

புதிதாகத் துப்புரவு வேலைக்குச் சேர்ந்திருந்த நாத்தனார் துடைப்பத்தோடு வந்தாள்.

"நான்தான் அண்ணி. தொட்டில ‘மிக அருகிய இனம்’னு ஒட்டியிருக்கே. பக்கத்துல பக்கத்துல வைக்கணும்போலன்னு நெனச்சேன்."

"அடிப்பாவி! அருகியதுன்னா கொறஞ்சு போனதுடி."

"அப்படின்னு எழுதித் தொலைக்க வேண்டியதுதானே! இந்தப் பூச்சிப் பெட்டில ‘தகவல் போதாது’ன்னு இருக்கே, அது என்னவாம்?"

"எத்தன இருக்குன்னு யாரும் எண்ணிப் பாக்கல."

"எனக்கு வந்த வரன் மாதிரின்னு சொல்லுங்க."

சிரிக்கப்போன தவளையம்மா அப்படியே நின்றாள். ஒரு வாரமாகச் சுவரைப் பார்த்தே கிடந்த தவளை, சத்தம் வந்த பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தது. தொண்டை படபடவென்று துடித்தது.

"இதுல ஒண்ண எடுத்துப் போட்டுடவா அண்ணி?"

"கை வச்சிடாத! தவள போனா போச்சுன்னாவது தெரியும். இந்தப் பூச்சி போனா, போனதே யாருக்கும் தெரியாது."

தீனி அறைக்கு ஓடி, இரைக்கென்றே வளர்க்கும் சாதாரணச் சில்வண்டு ஒன்றைக் கொண்டுவந்து விட்டாள். வாரம் முழுக்கத் தவளை ஏறெடுத்தும் பார்க்காத அதே வகைதான். பக்கத்துப் பெட்டியில் கச்சேரி நிற்கவில்லை. தவளை ஓரடி நகர்ந்தது. நாக்கு வந்ததும் போனதும் தெரியவில்லை, சில்வண்டைக் காணோம்.

"ஐயோ அண்ணி, கண்ணு ரெண்டும் உள்ள போகுது!"

"வாயக் கழுவு! கண்ணால அமுக்கித்தான் அது விழுங்கும்." தவளையம்மா தொட்டியோடு முகத்தை ஒட்டிக்கொண்டாள்.

விஷயம் கேட்டு வந்த மருத்துவர் இரண்டு பெட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பூச்சிப் பெட்டி இங்கயே இருக்கட்டும்மா. இந்தச் சத்தம் கேட்டுத்தான் தவளைக்குப் பசி வந்திருக்கு. இந்தப் பாட்டுக்காரங்க காட்டுல எத்தன பேர் இருக்காங்கன்னு எண்ணறதுக்கும் ஆள் அனுப்பணும். இவ்வளவு நாள் நமக்குத் தோணவே இல்ல பாருங்க."

தவளையம்மா காதில் வாங்கவில்லை. தவளை அடுத்ததற்குக் காத்துக்கொண்டிருந்தது. அவள் மறுபடியும் தீனி அறைக்கு ஓடினாள்.