நாலு மணி ஆட்டம்

‘சர்வர் கிடைக்கவில்லை’ என்று கம்ப்யூட்டர் திரை ஏழாம் முறையாகச் சொன்னபோது மணி மூன்றே முக்கால். முப்பத்தொரு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். நாலு மணிக்கு மனைவி வந்து நிற்பாள்.

கை சும்மா இருக்காத மனுஷன். கம்ப்யூட்டர் ஆமையாய் ஊர்கிறதே என்று நேற்றுக் காலை விண்டோஸைத் தூக்கிவிட்டு லினக்ஸ் போட்டார். சிட்டாய்ப் பறந்தது. மனைவி ஆடும் செஸ் ப்ரோக்ராம் விண்டோஸில் மட்டும் ஓடும் பழசு என்பது அப்புறம்தான் உறைத்தது. விண்டோஸ் ப்ரோக்ராமை லினக்ஸிலேயே ஓட்டிக்காட்ட வைன் என்று ஒன்று இருப்பதாகப் படித்து அதையும் போட்டார். பலகை வந்தது, காய்கள் வந்தன. எதிராளி மட்டும் வரவில்லை.

எதிராளி, மனைவியின் அக்கா. அம்மா சாகக் கிடந்தபோது யார் வந்தது, யார் வரவில்லை என்று தொடங்கிய பேச்சில் இருவரும் முகம் முறித்து ஐந்து வருடம். போன் கிடையாது, நேரில் பார்த்தால் தலை திரும்பிக்கொள்ளும். ஆனால் தினமும் நாலு மணிக்கு இணையத்தில் ஒரு ஆட்டம். அதை மட்டும் ஏன் விடவில்லை என்று அவர் கேட்டதில்லை. நேற்றுதான் முதல் தடவையாகத் தவறியது.

“ஆச்சா?” மனைவி வந்துவிட்டாள்.

“பத்து நிமிஷம் குடு.”

“நேத்தும் இதே பத்து நிமிஷம்தான்.”

“கம்ப்யூட்டர் மக்கர் பண்ணுதுன்னு ஒரு போன் போட்டுச் சொல்லிடேன்.”

“நானா? மாட்டேன். இதையும் நான் அத்துக்கிட்டேன்னு நெனப்பா. நெனச்சுக்கட்டும்.” சொல்லிவிட்டுத் திரையை எட்டிப் பார்த்தாள்.

அவர் கட்டளை அடிக்கும் கறுப்பு ஜன்னலைத் திரையில் திறந்து ப்ரோக்ராமை அதிலிருந்தே ஓடவிட்டு, சரசரவென்று இறங்கிய வரிகளை விரல் வைத்துப் படித்தார். அகப்பட்டது. பழைய ப்ரோக்ராம் சர்வரோடு பாதுகாப்பாகப் பேச, வைனுக்கு அந்தக் காலத்து 32 பிட் கோப்பு ஒன்று தேவை. இவர் போட்டிருந்தது புதுசு மட்டும். இறக்கத் தொடங்கினார்.

நாலு பத்துக்கு மனைவியின் போன் அடித்தது. அவள் எடுக்காமல் பார்த்துக்கொண்டே நின்றாள். ஐந்தாவது முறை அடித்தபோது எடுத்தாள்.

“ஏண்டி, ரெண்டு நாளா காணோம்? உடம்புக்கு ஒண்ணுமில்லியே?” அக்காவின் வெண்கலக் குரல் அவர் வரைக்கும் கேட்டது.

“நான் நல்லாத்தான் இருக்கேன். கம்ப்யூட்டர்தான்... இவரு எதையோ நோண்டி வச்சிட்டாரு.”

“அவரு கைய வச்சா வெளங்கின மாதிரிதான்!”

மனைவி குபீரென்று சிரித்தாள். தன்னைத் திட்டுவதில் அக்கா தங்கை ஒன்று சேர்ந்தது அவருக்குப் பரிசு வாங்கியது போலிருந்தது. அவள் பேசிக்கொண்டே பக்கத்து அறைக்குப் போனாள்.

கோப்பு இறங்கி முடிந்தது. ப்ரோக்ராமை மறுபடி திறந்தார். சர்வர் கிடைத்தது, எதிர்ப்பக்கத்தில் அக்காவின் பெயர் பச்சையில் எரிந்தது. கூப்பிட வாயைத் திறந்தார்.

“அம்மா என்னைக் கேட்டாளாக்கா?” அந்த அறையிலிருந்து மனைவியின் குரல் மெல்ல வந்தது.

வாயை மூடிக்கொண்டார். எழுந்துபோய்க் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். பலகையில் முப்பத்திரண்டு காய்களும் நின்ற இடத்திலேயே நின்றன.