வாடையில் எடுத்த ஆறு பாடங்கள்

ஆறு பாடங்களையும் யூலிற்றா தை மாதத்தில் பதிந்தாள். பிழை அங்கேதான் தொடங்கியது.

தையில் முல்லைத்தீவுக் கடல் யாரையும் உள்ளே விடாது. வாடைக் காற்று அலைகளைக் கரையிலுள்ள மீன்வாடிக் கொட்டில்கள் வரை கொண்டுவந்து எறியும். படகுகள் மேட்டில் ஏறிக் கிடக்கும். அப்பா மரியநேசன் விறாந்தையில் இருந்து கிழிந்த வலைகளைத் தைத்துக்கொண்டிருப்பார். அண்ணன் றொமேஸ் வெயில் ஏறும்வரை படுத்திருப்பான். அம்மாகூட மத்தியானத்தில் கொஞ்சம் கண் அயர்வாள். வீட்டில் யாரும் யாரையும் அவசரமாகக் கூப்பிடுவதில்லை.

அந்த அமைதியில் மடிக்கணினியின் முன்னால் இருந்தவளுக்கு ஒரு நாள் என்பது மிக நீளமானதாகத் தெரிந்தது. இணையவழியில் விஞ்ஞானப் பட்டம் படிப்பவள் அவள். கடைசிக்கு முந்திய ஆண்டு. மற்றவர்கள் ஒரு பருவத்துக்கு நான்கு பாடங்கள் எடுத்தார்கள். விரும்பினால் ஆறு எடுக்கலாம் என்று திரையில் இருந்தது. ஆறாக எடுத்துக்கொண்டு போனால் இந்த வருடத்துடன் பட்டம் முடிந்துவிடும். அவள் ஆறு கட்டங்களிலும் சரி போட்டாள்.

அந்த வீட்டில் வருடம் இரண்டு பாதி. கடலுள்ள பாதி, கடலில்லாத பாதி. அங்கேயே பிறந்து வளர்ந்தவள் அதை மறந்துவிட்டாள் என்று சொல்ல முடியாது. கடல் இல்லாதபோது கடலை நினைப்பது கஷ்டம். அவ்வளவுதான்.

பங்குனியில் கடல் அடங்கியது. இருட்டோடு போகும் படகுகள் வெயில் ஏறமுதல் திரும்பின. வலையின் ஒவ்வொரு கண்ணிலும் சூடை மீன் தலையைக் கொடுத்துச் சிக்கியிருந்தது. சூடை சின்ன மீன், வெயில் பட்டால் வயிறு வெடித்துவிடும். ஆகவே படகு கரை தட்டியதும் வீட்டில் உள்ள எல்லாக் கைகளும் மீன் கழற்ற வலையில் இருக்க வேண்டும். வியாபாரி எடுத்தது போக மிஞ்சியதை அம்மாவும் அவளும் உப்பிட்டுக் காயப்போடுவார்கள். அதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

காலை வகுப்புகளுக்கு அவள் மணலில் இருந்தபடியே போனாள். ஒரு காதில் நுண்ணங்கியியல், மற்றக் காதில் அவளை 'டிகிரி' என்றே கூப்பிடும் றொமேஸ்.

"டிகிரி, இந்தப் பக்கம் இழு."

"கொஞ்சம் பொறு அண்ணா. சேர் கேள்வி கேக்கிறார்."

"சேரையும் வரச் சொல்லு. ஒரு கை குறையுது."

விரிவுரையாளர் ஒருநாள் வகுப்பை நிறுத்திவிட்டு, "யூலிற்றா, உங்கட கமராவில ஏதோ ஒட்டியிருக்கு" என்றார். அவள் துடைத்துப் பார்த்தாள். சூடைச் செதில். எத்தனை பேர் பார்த்தார்களோ என்று நினைத்து அன்று முழுவதும் அவள் கமராவைத் திறக்கவில்லை.

சித்திரை நடுவில், எழுதிக் கொடுக்க வேண்டிய மூன்று ஒப்படைகள் பிந்தியிருந்தன. சேதன இரசாயனத்திலும் புள்ளிவிபரவியலிலும் அவள் எழுதிய சிறு தேர்வுகள் இரண்டும் சரிவரவில்லை. இரண்டு பாடங்களில் தவறினால் பதிவே நீங்கிவிடும் என்பது விதி. வரும் புதன்கிழமை மாலைக்குள் என்றால், வேண்டாத பாடங்களை விலக்கிக்கொள்ளலாம்.

அதே படிப்பைப் படிக்கும் கம்சா நெளுக்குளத்தில் இருந்தாள். நான்கு பாடங்களுடன் நிம்மதியாக இருப்பவள். யூலிற்றா அவளுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"ரெண்டையும் விலக்கன். இதுக்கு ஏன் அழுறாய்?" என்றாள் கம்சா.

"அழேல்லை. அப்பா வாடியில சொல்லிப்போட்டார்."

"என்னத்தை?"

"நான் இந்த வருசம் முடிக்கிறன் எண்டு. ஃபாதரிட்டயும் சொல்லி, நன்றிப் பூசைக்குப் பேர் குடுத்திட்டார்."

"பிறகென்ன, செய்தி ரோமுக்கே போயிருக்கும். அப்பாட்டச் சொல்லு, யூலி. விதியை மாத்தேலாது. அப்பாவோட கதைக்கலாம்."

புதன்கிழமை மத்தியானம் அப்பா கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். யூலிற்றா துவாயைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"என்ன பிள்ளை?"

"ரெண்டு பாடத்தை விடப்போறன், அப்பா."

"ஏன்?"

"ஏலாமல் கிடக்கு. விடாட்டி எல்லாம் போயிடும்."

அவர் துவாயால் முகத்தைத் துடைத்தார். "அப்ப இந்த வருசம்?"

"முடியாது. அந்த ரெண்டையும் வாற வாடைக்கு எடுக்கிறன். அப்ப கடல் இல்லைத்தானே."

"நான் எல்லாரிட்டயும் சொல்லிப்போட்டன்" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்குச் சுகமாக இருந்திருக்கும். துவாயைக் கொடியில் போட்டுவிட்டு, தேத்தண்ணியும் குடியாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு வாடிப் பக்கம் போனார்.

அவள் உள்ளே வந்து இரண்டு பாடங்களையும் விலக்கினாள். திரை இரண்டு தரம் 'உறுதியா?' என்று கேட்டது. பாரம் குறைந்திருக்க வேண்டும். ஆனால் அவள் நினைப்பெல்லாம் வாடியில்தான் இருந்தது; அங்கே அப்பா எந்த முகத்தோடு இருக்கிறாரோ என்று.

மறுநாள் காலை கரையில் நல்ல சூடை. அடுத்த படகுக்காரர் பாக்கியநாதன் தன் வலையை உதறியபடி இந்தப் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"என்ன மரியநேசன், நீ நேற்று வாடியில சொன்னது மெய்தானோ? பெட்டையின்ர படிப்பில பாதியை நிப்பாட்டிப்போட்டியாம்?"

"ஓம். வலைக்கு ஆள் காணாது" என்றார் அப்பா.

"உனக்கு மனச்சாட்சி இருக்கோ? அதுகள் எங்க ஏறிப்போகுதுகள், நீ பிடிச்சு மணலுக்க இழுக்கிறாய்."

"அவருக்குச் சூடைதான் பெரிசு" என்றது இன்னொரு குரல். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

"ஓம், எனக்குச் சூடைதான் பெரிசு" என்றார் அப்பா. தலை நிமிரவில்லை. அவருடைய விரல்கள் மட்டும் மீனைக் கழற்றிக் கழற்றிப் போட்டன.

யூலிற்றா றொமேஸைப் பார்த்தாள். அப்பா பழியைத் தன் மேல் போட்டுக்கொள்கிறார் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. எதற்கும் ஒரு நக்கல் வைத்திருப்பவன் இப்போது கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் கரையில் ஆண்களோடு கதைத்தவள் அல்ல. பேர் சொல்லிக் கூப்பிட்டாலே குனிந்துகொள்பவள். முதல் தரம் அவள் சொன்னது காற்றோடு போய்விட்டது.

"என்ன பிள்ளை?" என்றார் பாக்கியநாதன்.

"அப்பா நிப்பாட்டேல்லை, மாமா." "நான்தான் ஆறு பாடம் எடுத்தனான். ரெண்டு கூடிப்போச்சு. விட்டிட்டன். நாலு படிக்கிறன். இந்த வருசம் முடியாது."

முகம் சுட்டது. ஆனால் அவள் குனியவில்லை.

"ஆறோ?" என்றார் பாக்கியநாதன். "நாலே காணுமே பிள்ளை. உன்ர அண்ணன் ஓஎல் சோதினையில ஒண்டும் எடுக்கேல்லை."

"நான் ஒன்பது பாடமும் எடுத்தனான்" என்றான் றொமேஸ். "பாஸ்தான் வரேல்லை."

இந்தத் தரம் எல்லோரும் சிரித்தார்கள். பாக்கியநாதன் தன் வலைக்குத் திரும்பினார்.

சற்று நேரம் கழித்து அப்பா கேட்டார்.

"ஏன் பிள்ளை சொன்னனீ? அவங்கள் என்னைச் சொன்னால் சொல்லிப்போட்டுப் போறாங்கள்."

"பொய்தானே அப்பா."

அவர் ஒரு கை மீனைப் பெட்டிக்குள் போட்டார்.

"வகுப்பு எத்தினை மணிக்கு?"

"எட்டுக்கு. இதில இருந்தே கேக்கிறன்."

"வேண்டாம். வீட்ட போய்க் கதிரையில இருந்து கேள். நாலெண்டாலும் ஒழுங்காக் கேள்."

அவள் தயங்கினாள். வலையில் இன்னும் பாதி கிடந்தது, வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

"போவன் டிகிரி" என்றான் றொமேஸ்.

அவள் எழுந்து பாவாடையில் ஒட்டிய மணலைத் தட்டினாள். கொஞ்சத் தூரம் போய்த் திரும்பிப் பார்த்தபோது, அவள் விட்டுவந்த வலைத் துண்டை அப்பா தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார்.