இலைச்சாறு இல்லாத தட்டு

நாத்தனாரோடு ஒரே வீட்டில் குப்பை கொட்டுவதே பெரும்பாடு. ஒரே ஆய்வகத்தில் என்றால் கேட்கவே வேண்டாம். அண்ணிக்கும் நாத்தனாருக்கும் ஒரு வாரமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அங்கே ஆய்வைத் தொடர இருவரில் ஒருவருக்குத்தான் இடம். அண்ணியின் கொய்யா இலைச்சாறு, நாத்தனாரின் வேப்பிலைச்சாறு இரண்டில் எது கிருமியைக் கொல்கிறதோ அதற்குத்தான் என்று பேராசிரியை சொல்லிவிட்டார்.

காலையில் அண்ணி தன் தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். தட்டெங்கும் கிருமி படர்ந்திருந்தது. சாறு தொட்ட காகித வில்லையைச் சுற்றி மட்டும் பளிச்சென்று ஒரு வட்டம். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. நாத்தனாரின் தட்டிலோ வில்லையை ஒட்டியே கிருமி கும்மாளம் போட்டது. பாவமாகத்தான் இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, அதை மறைப்பானேன்?

பேராசிரியை வந்து பார்த்தார்.

"இலையை எதுல ஊற வச்சே?"

"ஆல்கஹால்ல, மேடம்."

"ஆல்கஹாலே கிருமியைக் கொல்லுமே. வெறும் ஆல்கஹால் தொட்ட வில்லை எங்கே?"

அண்ணி தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவசரத்தில் அதை வைக்கவே மறந்திருந்தாள். அது இல்லாமல் வட்டம் இலையால் வந்ததென்று எப்படிச் சொல்வது? முடிவும் இன்றைக்கே.

"இருக்கு மேடம்." நாத்தனார் இன்னொரு தட்டோடு வந்தாள். "நேத்து இவங்க கிளம்பினப்புறம் பார்த்தேன், அந்த வில்லையைக் காணோம். இவங்க பாட்டில் ஆல்கஹாலை எடுத்து, அதே கிருமியில நானே வச்சேன். சொல்லலாம்னா, நாங்கதான் பேசிக்கிறதில்லையே!"

அந்த வில்லையைச் சுற்றி வட்டமே இல்லை. கொன்றது இலைதான்.

பேராசிரியை சிரித்துவிட்டார். "இன்னும் பல தடவை செஞ்சு பார்க்கணும். ஆனா இடம் உனக்குத்தான்."

அவர் போனதும் அண்ணி நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நேத்து உன் தட்டு என்ன ஆகும்னு உனக்கே தெரியாதேடி. அப்பவே எனக்காக இதைச் செஞ்சியா?"

"நிஜமாவே கொல்ற இலை, நீங்க மறந்ததால தோத்துடக் கூடாதுல்ல, அண்ணி."

என்ன பெரிய மனசு இவளுக்கு! "நல்லா இருப்பேடி. இந்த நன்றியை எப்படிச் சொல்றதுன்னே தெரியலை."

"என் வேப்பிலைதான் கவுத்துடுச்சு" என்று சிரிக்கப் பார்த்த நாத்தனார், சிரிக்க முடியாமல் அழுதுவிட்டாள். அண்ணி அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். கிடைத்த இடத்தைப் பற்றி அப்போது அவளுக்கு நினைப்பே இல்லை.