முறைத் தண்ணீர்

ஊர் முனையில் எனக்கு ஃபிளெக்ஸ் வைத்துவிட்டார்கள். மேலே இரண்டு தலைவர்கள் சிரிக்க, நடுவில் நான். கீழே 'அண்டத்தின் நாடி பிடித்த எங்கள் அம்சவல்லி' என்று கொட்டை எழுத்து. கட்டுரையை ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள், இன்னும் அச்சாகவில்லை என்று அப்பாவிடம் எவ்வளவோ சொன்னேன். காதில் போட்டுக்கொண்டால்தானே.

நான் பெங்களூரில் வானியல் ஆராய்ச்சி செய்கிறேன். பொங்கலுக்கு வந்திருந்தேன். கண்டுபிடித்தது இதுதான்: வெகுதொலைவில் ஒரு விண்மீன் மண்டலம். அதன் நடுவிலுள்ள கருந்துளை, கண்டதையும் விழுங்குவதால் சுற்றுப்புறம் ஒளிர்கிறது. இந்த மாதிரி மண்டலங்களின் ஒளி தாறுமாறாகக் கூடும், குறையும். இது மட்டும் பத்து மாதத்துக்கு ஒருமுறை சொல்லிவைத்தாற்போல் ஏறி இறங்கியது. நடுவில் ஒன்றையொன்று சுற்றும் இரண்டு கருந்துளைகள் இருக்கலாம் என்று எழுதியிருந்தேன்.

அப்பாவுக்குக் கருந்துளை முக்கியமில்லை. மேலப்பண்ணை பஞ்சநதம் ஃபிளெக்ஸைப் படித்துவிட்டு, காரை விட்டு இறங்கி, அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினாராம். அதுதான் முக்கியம். என் அப்பா அரசப்பன் அந்தப் பண்ணையில் கூலிக்கு நின்றவர். உழுத நிலத்துக்காகப் பஞ்சநதத்தின் தகப்பனாரோடு வருஷக்கணக்கில் கோர்ட் படியேறி ஜெயித்தவர். தீர்ப்பில் நிலம் வந்தது, மரியாதை வரவில்லை. அது இப்போதுதான் வந்திருந்தது, என் பேரைச் சொல்லி. குலுக்கிய கையை அப்பா சாப்பிடும்போதுகூட ஒருதரம் பார்த்துக்கொண்டார்.

எங்கள் ஊர் கடைமடை. முறை வைத்துத்தான் தண்ணீர் விடுவார்கள். கொஞ்ச நாள் மேலப்பண்ணை வாய்க்காலுக்கு, கொஞ்ச நாள் எங்களுக்கு. கதிர் பால் பிடிக்கிற நேரம் என்பதால், எங்கள் முறை வந்த அன்று காலையிலேயே அப்பாவோடு மதகுக்குப் போனேன். ஆறு எப்போதும்போல ஒரே மட்டத்தில் போய்க்கொண்டிருந்தது. மதகைத் திறந்து மூடும் லஸ்கர் பலகையைத் தூக்கியதும் எங்கள் வாய்க்கால் மளமளவென்று நிறைந்தது. ஆறு ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் மண்டலத்தையும் இரண்டு தொலைநோக்கிகள் முறை வைத்துத்தான் பார்த்திருந்தன. ஐந்து மாதம் இது, ஐந்து மாதம் அது. வேறு யாராவது இருந்தால் முதலில் அதைத்தான் சந்தேகப்பட்டிருப்பார்கள். பிறந்ததிலிருந்து முறைத் தண்ணீரைப் பார்த்து வளர்ந்த எனக்கு, முறை வைத்து வருவது இயற்கையாகவே பட்டுவிட்டது.

வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தேன். அதே படங்களில் பக்கத்தில் ஒரு சாதாரண நட்சத்திரம் இருந்தது. அதன் ஒளி மாறவே மாறாது. அதையும் வரைந்து பார்த்தேன். அதுவும் பத்து மாதத்துக்கு ஒருமுறை ஏறி இறங்கியது! ஒரு தொலைநோக்கி எல்லாவற்றையும் கொஞ்சம் கூடுதல் வெளிச்சமாகக் காட்டியிருக்கிறது, அவ்வளவுதான். அழுதேன். வாயை மூடிக்கொண்டிருந்தால் சில வருஷமாவது யாருக்கும் தெரியாது என்றும் அழுதுகொண்டே யோசித்தேன்.

சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். "அந்தக் கட்டுரைய வாபஸ் வாங்கப்போறேன்பா."

"ஏன், யாராச்சும் மெரட்டுறாங்களா?"

"இல்லப்பா. நான் பண்ணது தப்பு. ஏறி எறங்குனது அது இல்ல, நாங்க மாத்தி மாத்திப் பாத்த தொலைநோக்கி."

"அப்ப அதுக்கு முறையே கெடையாதா?"

"தெரியலப்பா. மறுபடி மொதல்லேருந்து பாக்கணும்."

அப்பா குலுக்கிய கையைப் பார்த்துக்கொண்டார். "பஞ்சநதம் கேட்டா நானே சொல்லிடுறேன்" என்றேன்.

"வேணாம். பெருமையா சொன்னது நானு. இதையும் நானே சொல்றேன்."

பஞ்சநதம் வீட்டுக்குப் போய்விட்டுச் சீக்கிரமே திரும்பினார். என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"சிரிச்சாரு."

மறுநாள் நான் பத்திரிகைக்கு மெயில் அனுப்பினேன். அப்பா ஏணி வைத்து ஃபிளெக்ஸை அவிழ்த்து, மடித்துப் பரணில் போட்டார்.

மாசியில் அறுவடைக்கு மறுபடி வந்தேன். கொள்முதல் நிலையத்தில் ஊர் நெல்லெல்லாம் வெட்டவெளியில் குவிந்து கிடந்தது. பஞ்சநதத்தின் குவியல் எங்களுக்கு அடுத்தது. திடீரென்று வானம் இருட்டிக்கொண்டு வந்தது. ஆளாளுக்குத் தார்ப்பாய்க்கு ஓடினார்கள். அப்பா நெல்லோடு கொண்டுவந்திருந்த அந்த ஃபிளெக்ஸை எடுத்து எங்கள் குவியல்மேல் விரித்தார், என் முகம் வானத்தைப் பார்க்கும்படி. பஞ்சநதம் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு உடம்பு கூசியது.

"அப்பா, படத்த உள்பக்கமா திருப்பிப் போடுங்க."

"எதுக்கு?" என்று எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னார் அப்பா. "தப்புன்னு தெரிஞ்சதும் தானே சொன்ன பொண்ணு மொகம். மேலயே இருக்கட்டும்."

ஓரங்களில் செங்கல்லை வைத்தார். மழை பிடித்துக்கொண்டது.