கோடு விழாத கை

ஏழாம் நம்பர் மலைக்கு ஏறுவதென்றால் இருட்டோடு கிளம்ப வேண்டும். பாதை என்று ஒன்றும் கிடையாது. மழை அரித்த கல்லும் அட்டை ஊரும் புல்லும்தான். பெண்கள் படங்குச் சாக்கை இடுப்பில் இறுக்கிக் கட்டி, கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டி, முன்னால் போகிறவளின் காலடியைப் பார்த்து ஏறுவார்கள். பனி நனைத்த செடி இடுப்பில் அறையும். கொஞ்ச நேரத்தில் விரல் மரத்துப் போகும். மரத்த விரலால்தான் கொழுந்து கிள்ள வேண்டும். அந்தத் தேயிலையைக் குடிக்கிறவனுக்கு இது தெரியாது. தெரிந்தால் மட்டும் என்ன செய்யப் போகிறான்?

என் மனைவி இராக்கம்மா வயசுக்கு வந்த நாளிலிருந்து அப்படி ஏறியவள். நான் மலை வேலையை விட்டுவிட்டேன். முழங்கால் போய்விட்டது. ஹாலிஎல பக்கம் ஒருவருடைய மரக்கறித் தோட்டத்தில் கோவா என்கிற முட்டைக்கோசுக்கு மண் அணைக்கிற வேலை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கிளம்புவோம். அவள் மேலே, நான் கீழே.

அன்றைக்குத் தேத்தண்ணீரை என் கையில் தரும்போது சொன்னாள்.

"ஏழாம் நம்பர்ல குளவிக்கூடு தொங்குதுங்க. டர்பன்டைன் மரத்துல. இம்மாம் பெருசு."

"சொன்னீங்களா?"

"சுப்பவைசர்கிட்ட நேத்தே சொன்னோம். கொழுந்து முத்துதாம். கூடு அதுபாட்டுக்கு இருக்கட்டும், நீங்க உங்கபாட்டுக்குக் கிள்ளுங்கன்னாரு."

"நீ இன்னைக்கு வீட்டுல நின்னுக்கயேன்."

"நின்னா எனக்கு யாரு பேர் போடுவா? உங்க கோவாவா?"

சிரித்துக்கொண்டே, காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்குப் போனாள். தோட்டத்தில் ஒருநாள் சம்பளத்தைத்தான் பேர் என்போம். கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பேர். அந்த அரைப் பேருக்குப் பயந்து பயந்தே எங்கள் பெண்களின் முதுகு வளைந்தது.

காலை வெயில் ஏறும்போது, ஏழாம் நம்பரில் குளவி கொட்டிவிட்டதென்று ஃபோன் வந்தது. பசறை ரோட்டோரம் தோட்டத்துக்குக் கீழே இருக்கிற அரசாங்க ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. முற்றமெல்லாம் கொழுந்து சிதறிக் கிடந்தது. வீங்கிய முகங்களோடு பெண்கள் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். யார் யாரென்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. ஒவ்வொருத்தியின் மணிக்கட்டிலும் புண்ணுக்குப் போடும் ஊதா மருந்தால் ஒரு கோடு இழுத்திருந்தது. சிலருக்கு இரண்டு.

இராக்கம்மா உள்ளே நீள வாங்குப் பலகையில் கிடந்தாள். மூடியிருந்த துணியை விலக்கிக் கையை எடுத்துப் பார்த்தேன். விரல் இடுக்கில் தேயிலைக் கறை இருந்தது. மணிக்கட்டில் கோடு இல்லை. மற்றக் கையையும் பார்த்தேன். இல்லை.

கோடு என்னவென்று அங்கே நின்றவர்கள் சொன்னார்கள். அன்றைக்கு டாக்டர் பதுளையில் கூட்டத்துக்குப் போயிருந்தார். ஆம்புலன்ஸும் வேறொரு நோயாளியோடு போயிருந்தது. பொறுப்பில் இருந்தது சிஸ்டர் லீலாதேவி. தோட்டத்து ட்ராக்டர் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கியபோது, அலறியவர்களைத்தான் எல்லாரும் முதலில் தூக்கினார்களாம். சிஸ்டர் வாங்கின்மேல் ஏறி நின்று கத்தியிருக்கிறார். "கத்துறவைக்கு மூச்சு இருக்கு! சத்தம் போடாதவையை முதல்ல தூக்குங்கோ!" பிறகு ரோட்டுக்கு ஓடி, போய்க்கொண்டிருந்த கொழுந்து லொறியை மறித்து, மூட்டைகளைத் தள்ளிவிட்டு, மெத்தை போட்டு, மோசமானவர்களை ஒரு தாதியோடு பதுளைக்கு அனுப்பியிருக்கிறார். யாருக்கு ஊசி போட்டது, யாருக்குப் போடவில்லை என்று குழம்பக்கூடாது என்பதற்குத்தான் அந்தக் கோடு. ஒரு ஊசிக்கு ஒரு கோடு.

அப்படியென்றால் என் மனைவிக்கு ஊசி போடவில்லை. எனக்கு அது போதும்.

நான் ஆஸ்பத்திரியை நம்பாதவன். யூனியனையும் நம்பினதில்லை, சந்தா வாங்க வந்தால் கதவைச் சாத்துவேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களை "நீங்கள் தோட்டமோ?" என்று கேட்கிறவர்களை அறவே நம்பினதில்லை. சிஸ்டர் லீலாதேவி அந்த ஊர்.

இழவு வீட்டுக்குத் தோட்டத்தை நடத்துகிற துரை வந்தார். எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குள் துரை கால் வைத்து நான் பார்த்ததில்லை. கதவில் தலை இடிக்காமல் குனிந்து வந்து, என் தோளில் கை வைத்தார்.

"ரெங்கசாமி, பெரிய அநியாயம். சிஸ்டர் கவனிச்சிருந்தா உன் சம்சாரம் இருந்திருப்பா. பதுளையிலருந்து விசாரணைக்கு வர்றாங்க. நீ பாத்ததைச் சொல்லு, கோடு இல்லாததைச் சொல்லு."

"சொல்றேங்க."

"அப்புறம் நீ இருக்கிற இந்தக் காம்பரா. வேலைக்காரிங்கிற முறையில அவ பேர்லதான இருந்துச்சு? சட்டப்படி பாத்தா நீ காலி பண்ணணும். அதை நான் பாத்துக்கறேன்."

இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். நான் படிக்காதவன்தான். ஆனாலும் ஒரு மூச்சில் சொன்ன இரண்டு விஷயம் ஒரே விஷயம் என்று தெரியாத அளவுக்கு மடையன் இல்லை. இருந்தும் கோடு இல்லாத கையை நான் என் கண்ணால் பார்த்தேனே.

கருமாதி முடிந்ததும் நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன். சிஸ்டர் கட்டிலுக்கு விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தார்.

"என் பொண்டாட்டி கையில மட்டும் ஏம்மா கோடு இல்ல? தோட்டத்துக்காரிதானேன்னு விட்டுட்டீங்களா?"

விரிப்பின் மூலையை மடித்துச் செருகிவிட்டு நிமிர்ந்தார்.

"மருந்து முடிஞ்சுது ஐயா. அதுதான் கோடு இல்லை."

பொய் வரும் என்று நினைத்துத்தான் போயிருந்தேன். பொய்க்குத் திட்டுவதற்கு வழியெல்லாம் வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன்.

"கடைசி ஊசி யாருக்குப் போட்டீங்க?"

"கலாராணிக்கு. வயித்தில பிள்ளை. ஒரு ஊசிக்கு மூச்சுத் திரும்பேல்லை. ரண்டாவதையும் போட்டன்."

"அதை எடுத்து வச்சிருக்கலாமில்ல?"

"வைப்பமோ எண்டு யோசிச்சனான். ஊசியைக் கையில பிடிச்சுக்கொண்டு உங்கட சுப்பவைசரைக் கேட்டன், மேல இன்னும் ஆரும் இருக்கினமோ எண்டு. ஒருத்தரும் இல்லை, எல்லாரும் வந்தாச்சு எண்டார். அதுக்குப் பிறகுதான் போட்டன்." தலையணையைத் தட்டி வைத்தார். "தோட்டத்து டிஸ்பென்சரியிலயும் அந்த மருந்து இருக்கு. ஃபோன் பண்ணினன். அலுமாரிச் சாவி துரையிட்ட, துரை வெளியில எண்டினம். பிறகு உங்கட மனுசி கூடையோட வந்து வாசல்ல விழுந்தா. நெஞ்சை அமத்தி அமத்திப் பாத்தன் ஐயா. கையில ஒண்டும் இல்லை."

"அப்ப நீங்க செஞ்சது சரிங்கிறீங்க."

"தெரியாது. ஒவ்வொரு நாளும் என்னை நானே கேக்கிறன். விசாரணையில நீங்கள் விரும்பினதைச் சொல்லுங்கோ, நான் மறிக்கேல்லை. எனக்கு ஒண்டுதான் விளங்கேல்லை. ஊசி போட்டவை எல்லாம் ட்ராக்டரில வந்தினம். அந்த நேரம் இராக்கம்மா எங்க நிண்டவ?"

நான் திரும்பி நடந்தேன். அந்தக் கேள்வியும் கூடவே வந்தது. அவள் செத்ததைப் பற்றி எத்தனையோ பேர் எத்தனையோ சொன்னார்கள். அவள் எங்கே நின்றாள் என்று யாரும் கேட்கவில்லை. புருஷன் நானும் கேட்கவில்லை.

பீலியடியில் விஜயலெட்சுமி தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். எங்கள் தொங்கல் லயத்தில், கடைசி வரிசையில் குடியிருப்பவள். இராக்கம்மாவோடு ஒரே நிரையில் கொழுந்து எடுக்கிறவள். கழுத்தில் குளவி கொட்டிய தடிப்பு இன்னும் வற்றவில்லை.

"அன்னைக்கு அத்தை எங்கடி நின்னா?"

"மாமா, அதைக் கேக்காதீங்க."

"எங்க நின்னா?"

குடம் நிறைந்து வழிந்தது. அவள் எடுக்கவில்லை.

"மடுவத்துல. கொட்டகைக்குள்ள கொழுந்து நிறுக்க நின்னோம். விழுந்து கெடந்தவங்களை ட்ராக்டர்ல ஏத்திட்டு, நடக்கத் தெம்பு உள்ளவ நிறுத்துட்டுப் போங்க, இல்லேன்னா அரைப் பேருன்னான் சுப்பவைசர். தராசுக்காரன்கிட்ட எங்களை விட்டுட்டு அவன் ட்ராக்டர்ல போயிட்டான். அத்தைக்குக் காதுக்குப் பின்னாடி ரெண்டே கொட்டுதான். வரிசையில நிக்கும்போதே ஒதடு வீங்கிருச்சு. நீங்க போங்க அத்தைன்னேன். 'இவ்வளவு நேரம் நின்னாச்சு, நிறுத்துட்டே போயிருவோம்டி'ன்னாங்க."

"நீ ஏண்டி இழுத்துட்டுப் போகல?"

"நானும் நின்னேனே மாமா." குடத்தை இழுத்து வைத்தாள். "நீங்களா இருந்தாலும் நின்னிருப்பீங்க."

நின்றிருப்பேன். அதுதான் நெஞ்சை அறுத்தது. மூச்சு நிற்கப் போகிற நேரத்திலும் தராசு முன்னால் வரிசையை விடாத ஜாதி நாங்கள். யாரும் கட்டிப் போட வேண்டியதில்லை. அரைப் பேர் என்று ஒரு சொல் சொன்னால் போதும்.

விசாரணை ஆஸ்பத்திரி மண்டபத்தில் நடந்தது. பதுளையிலிருந்து செல்வரத்தினம் என்று ஒரு அதிகாரி வந்திருந்தார். துரைக்கும் சுப்பவைசர் ரஜீவுக்கும் நாற்காலி போட்டிருந்தார்கள். சிஸ்டர் நின்றுகொண்டிருந்தார். எனக்கும் ஒரு நாற்காலி காட்டினார்கள். நான் உட்காரவில்லை.

"உங்கட மனைவியை சிஸ்டர் கவனிக்கேல்லை எண்டு சொல்லினம். நீங்கள் பாத்ததைச் சொல்லுங்கோ," என்றார் அதிகாரி.

"கையில கோடு இல்லீங்க. அது உண்மை."

துரை தலையாட்டினார்.

"ஆனா ஒரு கேள்வி இருக்குங்க. எல்லாரும் ட்ராக்டர்ல வந்தப்ப என் பொண்டாட்டி எங்க நின்னா? ரஜீவு தம்பி, நீ சொல்லு."

ரஜீவ் துரையைப் பார்த்தான். அவனும் எங்கள் லயத்தில் பிறந்தவன்தான். அவன் அம்மாவும் அன்றைக்கு அதே மலையில் வேறு நிரையில் நின்றவள்.

துரை குறுக்கே வந்தார். "ரெங்கசாமி, உன்னைக் கூப்பிட்டது சிஸ்டரைப் பத்திச் சொல்ல."

"சிஸ்டரைப் பத்தித்தாங்க சொல்றேன். கடைசி ஊசியைக் கையில வச்சுக்கிட்டு, இன்னும் ஆள் இருக்கான்னு அவங்க கேட்டாங்க. இல்லைன்னு இவன் சொன்னான். இருந்துச்சு. மடுவத்துல நிறுக்க நிறுத்தி வச்சிருந்தாங்க. அந்தப் பொய்யை நம்பி அவங்க முடிவெடுத்தாங்க. இப்பப் பாருங்க, பொய் சொன்னவன் குந்தியிருக்கான். கேட்டவங்க நிக்கிறாங்க."

"சாட்சி இருக்கோ?" என்றார் அதிகாரி.

நான் வாயைத் திறக்குமுன் வாசலில் சத்தம் கேட்டது. மலையில் இருக்க வேண்டிய பெண்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். விஜயலெட்சுமி முன்னால் நின்றாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"நான் நின்னேங்க மடுவத்துல."

"நானும்," என்றாள் பின்னால் ஒருத்தி.

துரை எழுந்தார். "யாரைக் கேட்டு மலையை விட்டு எறங்கினீங்க? இன்னைக்கு உங்க யாருக்கும் பேர் கிடையாது."

"அரைப் பேராச்சும் உண்டுங்களா தொரை?"

விஜயலெட்சுமிதான் கேட்டாள். பெண்கள் சிரித்தார்கள். இராக்கம்மா செத்த பிறகு நான் கேட்ட முதல் சிரிப்பு. நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

ரஜீவ் தரையைப் பார்த்தபடி முனகினான். "நிறை விடாமப் பாத்துக்கன்னு தொரைதான் ஃபோன்ல..."

"ரஜீவ்!" என்றார் துரை. அவன் நிறுத்திவிட்டான். ஆனால் எல்லாரும் கேட்டோம். அதிகாரியும் கேட்டார்.

அதனால் நியாயம் கிடைத்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். மேலிடத்துக்கு அறிவிப்பதாகச் சொன்னார் அதிகாரி. முடிவு வரும்வரை சிஸ்டர் ஆஸ்பத்திரிப் பொறுப்பை விட்டுவிட்டுப் பதுளை அலுவலகத்தில் இருக்க வேண்டும் என்றும் சொன்னார். பொழுது சாயுமுன் காம்பராவைக் காலி பண்ணச் சொல்லி எனக்கும் ஆள் வந்தது.

மறுநாள் இருட்டோடு நான் பெரட்டுக்குப் போனேன். எனக்கு அங்கே வேலை இல்லை. இராக்கம்மாவின் கூடையைத் தூக்கிக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரி வாசலில் அவளோடு விழுந்த கூடை. அடியில் இரண்டு கொழுந்து காய்ந்து ஒட்டியிருந்தது.

ரஜீவ் ஏழாம் நம்பருக்கு ஏறச் சொன்னான். வழக்கமான அதட்டல் இல்லை. யாரும் அசையவில்லை. விஜயலெட்சுமி தன் கூடையைக் கழற்றி ரோட்டோரம் கவிழ்த்து வைத்தாள். அடுத்தவள் வைத்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு கலாராணியும் வந்து வைத்தாள். அவள் மணிக்கட்டில் இரண்டு ஊதாக் கோடும் மங்கிக் கிடந்தன. என்னைப் பார்த்ததும் கையை முந்தானையில் மறைத்தாள்.

"மறைக்காத தாயி," என்றேன். "அந்த ரெண்டாவது கோட்டை அவளுதுன்னு வச்சுக்க. பத்திரமாப் பெத்துக்க."

அவள் அழுதாள். நானும்தான். பனியில் யாருக்கும் தெரியவில்லை.

அப்போது பசறையிலிருந்து பதுளை போகிற முதல் பஸ் வளைவில் திரும்பியது. பெண்கள் ரோட்டில் நின்றதால் வேகம் குறைந்து நின்றது. ஜன்னலோரம் சிஸ்டர், மடியில் ஒரு பை.

"திரும்பி வாங்க சிஸ்டர்!" என்று யாரோ கத்தினார்கள்.

சிஸ்டர் கண்ணாடியைத் தள்ளித் திறந்தார்.

"கூட்டை எடுத்தாச்சோ?"

"இன்னும் இல்லீங்க."

"டிஸ்பென்சரிச் சாவி?"

"தொரைகிட்டத்தான்."

"அப்ப மலை ஏறாதேங்கோ."

பஸ் புறப்பட்டது. துரையின் ஜீப் மேலேயிருந்து இறங்கி வருகிற சத்தம் கேட்டது. பெண்கள் ஒருத்தியோடு ஒருத்தி நெருங்கி நின்றார்கள். நான் வரிசையின் கடைசிக்குப் போய், இராக்கம்மாவின் கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அதன் பக்கத்தில் நின்றுகொண்டேன்.