எம்.எஸ்ஸி.க்கு ஒரு சேவல்

தேவாலயத்தின் ஸ்தோத்திரப் பண்டிகையில் காணிக்கைப் பொருட்களை ஏலம் விட்டு வரும் பணம் இந்த வருஷம் ரீபாவின் மேற்படிப்புக்கு என்று சபைக் கமிட்டி முடிவு செய்திருந்தது. நல்ல முடிவுதான். ஆனால் காணிக்கையாக வந்த சேவலைப் பிடித்துக்கொண்டு அவளே மேடையில் நிற்க வேண்டும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

“ஏட்டி, தூக்கிப் பிடி. பின்னால நிக்கவங்களுக்கு சேவல் தெரியணும்லா!” ஏலம் விடும் ஹெப்ரான் இதை மைக்கில் சொன்னார். கோயில் வளாகமே சிரித்தது.

வாய்மொழித் தேர்வுக்கே லீவு போடப் பார்க்கிற பெண் அவள். சென்னையில் எம்.எஸ்ஸி. வேதியியலுக்கு இடம் கிடைத்திருந்தது. திங்கள்கிழமைக்குள் கட்டணம் கட்டாவிட்டால் இடம் போய்விடும். அப்பாவின் ஆட்டோ கடன் நிலுவையில் இருக்கிறது என்று, கல்விக் கடன் கேட்டதற்கு வங்கி கையை விரித்துவிட்டது. ஆகவே சேவலைத் தூக்கிப் பிடித்தாள்.

ஐந்நூற்றில் தொடங்கிய ஏலம் மெல்ல ஐயாயிரத்துக்கு ஏறியது. அப்போது முன்வரிசையிலிருந்து தச்சநல்லூரில் சிமெண்ட் கடையும் தனியார் பள்ளிக்கூடமும் நடத்தும் எலியேசர் கை தூக்கினார்.

“அம்பதாயிரம்.”

“அம்பதாயிரம் ஒரு தரம்! அண்ணாச்சி வீட்டுக் குழம்பு ஆத்தங்கரை வரைக்கும் மணக்கப் போவுது! ரெண்டு தரம்! மூணு தரம்!”

கைதட்டல். அம்மா சாலோமி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

எலியேசர் மேடையேறி மைக்கை வாங்கினார். “நம்ம பிள்ள படிக்கட்டும்னுதான் குடுக்கேன். ஆனா பொம்பளப் பிள்ளய அம்புட்டுத் தூரம் அனுப்புவானேன்? இங்கனயே பி.எட். படிக்கட்டும். முடிச்சதும் என் பள்ளிக்கூடத்துல மூணு வருஷம் வேல பாக்கட்டும். சம்பளத்தப் பத்திப் பொறவு பேசிக்கிடலாம்.”

மறுபடியும் கைதட்டல். போதகர்கூடத் தலையசைத்தார். ரீபாவிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சேவலிடமும் கேட்கவில்லை.

அவளுக்குக் காது சுட்டது.

“அண்ணாச்சி,” என்றாள். குரல் எழும்பவில்லை. மைக்குக்குப் பக்கத்தில் போய்த் திரும்பச் சொன்னாள். “அண்ணாச்சி, இத மூணு தரம் சொல்லுததுக்கு முன்னால சொன்னீங்களா, பின்னாலயா?”

“எப்பம் சொன்னா என்ன, பிள்ள?”

“மூணு தரம் சொல்லியாச்சுன்னா ஏலம் முடிஞ்சிது. நீங்க எடுத்தது சேவல. என்னய யாரும் ஏலத்துல விடல.”

யாரும் சிரிக்கவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து டெபோரா டீச்சர், “சரியாத்தான கேக்கா,” என்றார்.

“அப்பம் எனக்குச் சேவலும் வேண்டாம்,” என்றார் எலியேசர்.

ஹெப்ரான் தலையைச் சொறிந்தார். “அது எப்படி அண்ணாச்சி? போன வருஷம் பூசணிக்கா வேண்டாம்னு பின்வாங்குன அப்பாத்துரைய, கர்த்தருக்கு முன்னால கேட்டது கேட்டதுதாம்னு கட்ட வச்சது நீங்கதான?”

இப்போது சிரித்தார்கள். எலியேசரின் முகம் கறுத்தது. விறுவிறுவென்று இறங்கிப் போய்க் கமிட்டி மேசையில் இருந்த க்யூஆர் அட்டைக்கு முன்னால் போனை நீட்டினார். பக்கத்திலிருந்த பெட்டி, ஐம்பதாயிரம் ரூபாய் பெறப்பட்டது என்று உரக்க அறிவித்தது. நாளைக்கே சென்னைக்குக் கட்டிவிடுவதாகச் செயலாளர் அவசரமாகச் சொன்னார்.

“அண்ணாச்சிக்கு நன்றி சொல்லும்மா,” என்றார் போதகர்.

ரீபா சொல்லவில்லை. தேர்வு எழுதித் தேறியவள் அவள். இடம் கொடுத்தவர்கள் அவளுடைய மதிப்பெண்ணைப் பார்த்துக் கொடுத்தார்கள். அந்த இடத்தைக் காப்பாற்ற இத்தனை பேர் முன்னால் கோழி பிடித்து நிற்க வைத்தவர்களுக்கு என்ன நன்றி?

மேடையிலிருந்து இறங்கி நேராக எலியேசரிடம் போனாள்.

“ஒங்க பொருள், அண்ணாச்சி. பிடிங்க.”

சலவைச் சட்டையோடு நின்ற அவர், இரண்டு கையையும் நீட்டி வாங்க வேண்டியதாயிற்று.