கண்டக்டரின் கையெழுத்து

மூக்கடைப்பு மாத்திரையை அலமாரியில் பூட்டி வைக்கச் சொல்லி அரசாங்க உத்தரவு வந்தபோது மருந்துக் கடைக்காரிக்குச் சிரிப்புத்தான் வந்தது. அதிலிருக்கும் ஒரு பொருளைப் பிரித்தெடுத்துப் போதை மருந்து காய்ச்சுகிறார்களாம். இனிமேல் ஆளுக்கு மாதம் இரண்டு அட்டைதான். பெயரும் அடையாள எண்ணும் எழுதி, பதிவேட்டில் கையெழுத்து வாங்க வேண்டும்.

அடுத்த மாதமே தம்பி வந்து நின்றான். தாயில்லாத வீட்டில் அவள் இடுப்பில் தூக்கி வளர்த்தவன்.

"அக்கா, எங்க லாரி டிரைவர்ங்க எல்லாருக்கும் ஜலதோஷம். ஒவ்வொருத்தனையா கூட்டிட்டு வரவா முடியும்? பத்து அட்டை குடு."

கொடுத்தாள். கணக்கு உதைக்கக் கூடாதே என்று பழைய பக்கங்களைப் புரட்டி, வாடிக்கைக்காரர்கள் ஐந்து பேரின் பெயரை எழுதி, அவர்கள் கையெழுத்தைப் பார்த்துப் பார்த்துப் போட்டாள். அந்த ஐவரில் ஒருவர், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர்.

மாதாமாதம் வந்து வாங்கிய தம்பி, மூன்றாவது மாதத்திலிருந்து காரணம் சொல்வதை விட்டுவிட்டான். அவளும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவானோ என்று பயந்தாள்.

ஆறாவது மாதம் கண்டக்டர் கடைக்கு வந்தார். வழக்கமாக வாசலிலேயே "ரைட், போகலாம்" என்று குரல் கொடுப்பவர், அன்று நேரே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"அதிகாரிங்க வீட்டுக்கு வந்திருந்தாங்கம்மா. அந்த மூக்கடைப்பு மாத்திரைய மக வீட்டுப் பக்கத்துக் கடையிலயும் வாங்கியிருக்கேன், இங்கயும் மாசாமாசம் வாங்கியிருக்கேன்னு சொல்றாங்க. தலையணை உறையக்கூட விடல, உருவிப் பாத்தாங்க. வீட்டுக்காரி ஒரு வாரமா வெளிய தலை காட்டல."

அவள் பதிவேட்டை மூடி வைத்தாள்.

"இங்க வாங்கின ஞாபகமே இல்லன்னு சொன்னேன். உன் பதிவேட்டு நகல்ல கையெழுத்தக் காட்டினாங்க. என்னுதேதான். அப்பத்தான் பயம் வந்துடுச்சு. எங்கப்பாவுக்குக் கடைசியில எங்க முகமே தெரியாமப் போச்சு. அந்த வியாதி எனக்கும் ஆரம்பிச்சிருச்சோ என்னவோ. அடுத்த வாரம் பெரிய டாக்டரப் பாக்கப் போறேன். நீ சொல்லும்மா, நான் வர்றப்போ ஒரு மாதிரி இருந்தேனா?"

"இல்ல சார்" என்று மட்டும் சொன்னாள். அவர் படியிறங்கியபோது, எண்ணி எண்ணிக் காலை வைத்தார்.

இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் கடையைப் பாதியில் மூடிவிட்டு அவர் வீட்டுக்குப் போனாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று சொன்னாள்.

"உங்க கையெழுத்த நான்தான் போட்டேன். எல்லா மாசமும் நான்தான்."

திட்டுவார் என்று நினைத்தாள். அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, செய்தித்தாள் ஓரத்தில் தன் பெயரை எழுதிப் பார்த்தார். உள்ளே திரும்பி, "அடியே, எனக்கு ஒண்ணுமில்லடி. இந்தப் பொண்ணுதான் போட்டிருக்கு, நான் எதையும் மறக்கல" என்றார். மனைவி வந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். கடைக்காரிக்கு, தன்னை அடித்துத் துரத்தியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

பிறகு அவர் கடைக்காரியின் பக்கம் திரும்பினார். "நீ போம்மா. போய் அவங்ககிட்ட சொல்லு. இனிமே இங்க வராத."

அன்று சாயங்காலமே அதிகாரியிடம் பதிவேட்டைக் கொடுத்து, தம்பி பெயர் உட்பட நடந்ததையெல்லாம் எழுதிக் கொடுத்தாள். உரிமம் போயிற்று, கடை போயிற்று. வழக்கு நடக்கிறது. தம்பியை ஒரு கோழிப்பண்ணைக் கொட்டகையில் அடுப்பும் ஜாடிகளுமாகப் பிடித்தார்கள்.

முதல் தடவை சிறையில் பார்க்கப் போனபோது அவன் கம்பிக்கு அந்தப் பக்கம் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். காட்டிக்கொடுத்ததற்குக் கோபப்படுவான் என்று தயாராக வந்திருந்தாள்.

"எதுக்குடான்னு நீ ஒரு தடவையாவது கேப்பேன்னு நெனச்சேன்க்கா" என்றான்.

சந்திப்பு நேரம் இன்னும் பாக்கி இருந்தது. சாப்பாடு எப்படி, தூக்கம் வருகிறதா என்று அவனை விசாரித்துக்கொண்டிருந்தாள்.